ஸ்காபரோவில் இருந்து லண்டன், பாரிஸ், சூரிச் வழியாக யாழ்ப்பாணம்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கோடை விடுமுறையில் கனடாவில் இருந்து ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பல நேராகக் கொழும்புக்குப் போவதில்லை. லண்டனில் மாமா, பாரிஸில் சித்தி, சூரிச்சில் பெரியப்பா என்று சொந்தம் சிதறிக் கிடக்கிறது. போகிற வழியில் ஒவ்வொரு வீட்டிலும் நாலு நாள் நிற்காவிட்டால் மனத்தாங்கல் வரும். நாங்களும் அப்படித்தான் போனோம்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய அம்மா. ரிக்கெற் போடுபவர் ரிக்கெற்றைப் பற்றிச் சொன்னார். விசா மையத்தில் விசாவைப் பற்றிச் சொன்னார்கள். எதை முதலில் செய்வது, எது எதோடு இடிக்கும் என்று முழுதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டோம். நீங்களும் அப்படி அலையக் கூடாது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரிக்கெற்றில் இருந்து தொடங்காதீர்கள். வீட்டில் யாருடைய பத்திரம் ஆகச் சிக்கலானதோ அவரில் இருந்து தொடங்குங்கள். அவருக்கு எந்த வழி சரிவருகிறதோ அதுதான் முழுக் குடும்பத்துக்கும் வழி.

1. எல்லாருடைய கடவுச்சீட்டையும் மேசையில் பரப்புங்கள்

பயணத்துக்கு எட்டு, ஒன்பது மாதம் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் ஒவ்வொருவருக்கும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எப்போது எடுத்தது, எப்போது முடிகிறது என்று எழுதுங்கள். இலங்கைக்குள் போக, இறங்கும் நாளில் இருந்து 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதம் இருக்க வேண்டும். உள்ளே போகும் நாளில் கடவுச்சீட்டு எடுத்து 10 வருடம் தாண்டியிருக்கவும் கூடாது. பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதை மறந்துவிடுவோம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கனடாக் கடவுச்சீட்டு 5 வருடத்தில் முடிந்துவிடும்.

இலங்கைக் கடவுச்சீட்டோடு பிஆர் அட்டையில் (கனடா நிரந்தர வதிவிட அட்டையில்) இருப்பவர்களுக்கு இரண்டு வேலை. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கத் தூதரகத்தில் கொடுத்தால் விண்ணப்பம் கொழும்புக்குப் போய் வர மாதக்கணக்கில் ஆகலாம். பிஆர் அட்டை பயணத்தின் நடுவில் முடிந்தால் திரும்பி விமானம் ஏறவே விடமாட்டார்கள். வெளிநாட்டில் இருந்து தனிப் பயண ஆவணம் எடுக்க வேண்டி வரும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பிஆர் எடுத்து, இன்னும் குடியுரிமை எடுக்காதவர் உங்கள் வீட்டில் இருந்தால், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் இலங்கைக்குப் போவதும் அவருடைய அகதி அந்தஸ்தை முடிவுக்குக் கொண்டுவரும் வழக்குக்குக் காரணமாகலாம். 2012 இல் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அந்த வழக்கில் தோற்றால் பிஆரும் சேர்ந்து போய்விடும். "எத்தனையோ பேர் போய் வருகினம், ஒன்றும் நடக்காது" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்க வேண்டாம். குடியுரிமை கிடைத்தபின் போனால் இந்தப் பயம் இல்லை. குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கும் இல்லை. எங்கள் அம்மா அப்படி வந்தவர், இலங்கைக் கடவுச்சீட்டும் பிஆர் அட்டையும் வைத்திருப்பவர்.

2. பெயர்ச் சிக்கலை வீட்டிலேயே தீருங்கள்

எங்கள் ஆட்களுக்கே உரிய சிக்கல் இது. என் மனைவியின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். பிள்ளைகளின் குடும்பப் பெயர் என்னுடைய பெயர். என்னுடைய குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். அம்மாவுடையது அப்பாவின் பெயர்தான், ஆனால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூட. ஒரே வீட்டில் ஐந்து பேர், கவுண்டரில் இருக்கும் அதிகாரியின் கண்ணுக்கு நாலு குடும்பம். அவர் கேள்வி கேட்பதில் பிழையில்லை.

ஆகவே கையில் வைத்திருங்கள்: கலியாணப் பதிவுச் சான்றிதழ், பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ். ஒன்ராறியோவில் பலர் வைத்திருக்கும் சின்னச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. பெற்றோர் விபரம் உள்ளதைக் கேட்டு எடுங்கள். தாய் மட்டுமோ தகப்பன் மட்டுமோ பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை நோட்டரி முன் முடித்து வையுங்கள்.

ரிக்கெற்றில் பெயர் போடும்போது கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் கீழே, அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்குமே, அதைப் பார்த்துப் போடுங்கள். அதில் மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு முதலில் வருவது குடும்பப் பெயர். முதல் எழுத்தை மட்டும் போடுவது, வீட்டுப் பெயரைப் போடுவது, இரண்டையும் மாற்றிப் போடுவது எல்லாம் விமான நிலையத்தில் பிரச்சினை. ரிக்கெற் போடுபவர் அனுப்பும் படிவத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகு காசைக் கட்டுங்கள்.

3. பாதையை விசாவுக்கு ஏற்றபடி போடுங்கள்

பிரித்தானியா ஷெங்கனில் இல்லை. பிரான்ஸும் சுவிஸும் இருக்கின்றன. பாரிஸ், அப்புறம் லண்டன், அப்புறம் சூரிச் என்று போனால் ஷெங்கனுக்குள் இரண்டு தரம் நுழைகிறீர்கள். அம்மாவுக்கு ஒருமுறை நுழையும் விசா மட்டும் கிடைத்திருந்தால் லண்டனோடு பயணம் நின்றுவிடும். லண்டன், பாரிஸ், சூரிச், கொழும்பு என்று ஒரே திசையில் போட்டால் ஒவ்வொரு எல்லையும் ஒரே தரம்தான். அப்படியே போட்டுவிட்டு, படிவத்தில் பலமுறை நுழையும் விசாவையும் கேளுங்கள். கேட்பதால் நட்டமில்லை.

ரிக்கெற்றை ரொறன்ரோ–லண்டன், சூரிச்–கொழும்பு, கொழும்பு–ரொறன்ரோ என்று ஒரே முன்பதிவில் பல நகர ரிக்கெற்றாகப் போட முடியுமா என்று பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் மலிவு போலத் தெரியும். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

பெட்டியின் எடையும் இங்கேதான் இடிக்கும். அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானத்தில் பெட்டிக் கணக்கு இருக்கலாம். கொழும்பு விமானத்தில் மொத்த எடைக் கணக்கு இருக்கலாம். ஆகக் குறைந்த அளவு எதுவோ அதற்கே பெட்டி கட்டுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் "இதை ஊரில் குடுத்துவிடுங்கோ" என்று ஒரு பொதி தருவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

4. அம்மாவின் விசாக்கள்: எது முதலில்?

கூட நேரம் தின்பது இதுதான். ஷெங்கனுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பிரித்தானியாவுக்கு 3 மாதத்துக்கு முன் விண்ணப்பிக்க முடியாது. இரண்டு இடத்திலும் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். ஒரே கடவுச்சீட்டை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கொடுக்க முடியாது. ஆகவே ஷெங்கன் முதல், அது கைக்கு வந்த பிறகு பிரித்தானியா. ஷெங்கன் முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சிக்கல் என்றால் 45 நாள் வரை. பிரித்தானியாவுக்குப் பொதுவாக 3 வாரம். ஆனால் இதெல்லாம் கொடுத்த பிறகு எண்ணும் நாட்கள். கோடைக்கு முன் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஐந்து மாதம் இருக்கும்போதே நேரத்தைப் பிடியுங்கள்.

எந்த நாட்டிடம் கேட்பது? எந்த நாட்டில் கூட நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டிடம். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸில் 4 நாள், சூரிச்சில் 6 நாள் என்று எழுதிவிட்டுப் பிரான்ஸிடம் போனால் திருப்பிவிடுவார்கள்.

செலவு: ஷெங்கன் கட்டணம் 2024 ஜூனில் இருந்து பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பிரித்தானியாவின் 6 மாத விசா 2025 ஏப்ரலில் 127 பவுணாக ஏறியது. கட்டிய காசு விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது.

பிரான்ஸில் சொந்தக்காரர் வீட்டில் நிற்பதானால், அந்த வீட்டுக்காரர் தன்னுடைய மேரியில் (நகரசபையில்) அத்தெஸ்தாசியோன் தக்கேய் என்ற வரவேற்புச் சான்றை எடுக்க வேண்டும். 30 யூரோ முத்திரை. வீட்டின் அளவு, வருமானம், வதிவிட அட்டை எல்லாம் பார்ப்பார்கள். சில மேரிகளில் ஒரு மாதம் வரை போகும். அதன் மூலப் பிரதி கனடாவுக்கு வந்து சேர வேண்டும், வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவது காணாது. பாரிஸில் இருப்பவர்கள் இரண்டு வேலை செய்து களைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாமல் முன்கூட்டியே கேளுங்கள்.

காப்புறுதி ஷெங்கனுக்கு ஆகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். லண்டனையும் இலங்கையையும் சேர்த்து ஒரே காப்புறுதியாக எடுங்கள். ஓஹிப்பை (ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதியை) நம்ப வேண்டாம்: வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு ஆகக் கூடியது 400 டொலர்தான் தரும். வயதானவர்களின் காப்புறுதியில் 'நிலையான உடல்நிலை' என்று ஒரு நிபந்தனை இருக்கும். பிரஷர் மாத்திரையின் அளவைக் கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன் மாற்றியிருந்தால், அந்த நோய்க்குப் பணம் தர மறுக்க இடமுண்டு. குடும்ப வைத்தியரிடம் இதைச் சொல்லி, மருந்து மாற்ற வேண்டுமென்றால் நேரத்தோடு மாற்றச் சொல்லுங்கள்.

விசா எடுக்க விருப்பமில்லை, வழியில் விமானம் மட்டும் மாறுகிறோம் என்றால்? இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறவும் விசா வேண்டும். செல்லுபடியாகும் கனடாப் பிஆர் அட்டை இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் விமான நிலையத்துக்கு வெளியே வர முடியாது. எங்களுடைய பயணத்தில் செக்-இன் கவுண்டரில் இருந்தவருக்கே இந்த விதி தெரியவில்லை. அம்மாவை ஓரமாக நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். விதி உள்ள அதிகாரபூர்வப் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள்.

5. கனடாக் கடவுச்சீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது

விசா இல்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவுக்கு 2025 ஜனவரி 8 இல் இருந்து ஈடிஏ என்ற முன் அனுமதி வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். 10 பவுணாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுணாகியது. விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பாருங்கள். 2 வருடம், அல்லது கடவுச்சீட்டு முடியும்வரை செல்லும்.

ஷெங்கனுக்குள் எந்த 180 நாளிலும் 90 நாள் நிற்கலாம். 2025 ஒக்ரோபர் 12 இல் இருந்து எல்லையில் முத்திரை குத்துவதற்குப் பதில் முகப்படமும் விரல் ரேகையும் எடுத்துப் பதிகிறார்கள். 12 வயதுக்குக் கீழ் விரல் ரேகை இல்லை, படம் மட்டும். இதற்குக் காசு இல்லை, ஆனால் வரிசை நீளும். எற்றியாஸ் என்ற இன்னொரு முன் அனுமதியை 2026 இன் கடைசிக் காலாண்டில் தொடங்கப் போவதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது: கட்டணம் 20 யூரோ, 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் இலவசம்.

இந்த அனுமதிகள் எல்லாவற்றுக்கும் அரச தளத்தைப் போலவே இருக்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். மூன்று மடங்கு காசு எடுப்பார்கள், உங்கள் கடவுச்சீட்டு விபரமும் அவர்களிடம் போய்விடும். முகவரியைப் பார்த்துத்தான் உள்ளே போங்கள்.

6. இலங்கை ஈடிஏ

பிரித்தானிய ஈடிஏ வேறு, இலங்கை ஈடிஏ வேறு. பெயர் ஒன்று என்பதால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்தவர்கள் இருக்கிறார்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் 30 நாள் சுற்றுலா அனுமதிக்கு 50 அமெரிக்க டொலர் என்று இருந்தது, 12 வயதுக்குக் கீழ் இலவசம். 2025 ஜூலையில் கனடா உட்பட 40 நாட்டவருக்குக் கட்டணத்தை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஆகவே கட்டும் முன் நடப்பில் உள்ளதைப் பாருங்கள். கட்டணம் நீங்கினாலும் அனுமதி எடுக்கத்தான் வேண்டும். நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருந்தாலும் கனடாக் கடவுச்சீட்டில் மட்டும் போனால் இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் போகும் அம்மாவுக்குத் தேவையில்லை.

ஊரில் இருந்து சென்னைக்குப் போய்ச் சேலை எடுத்து வரலாம் என்று பலர் யோசிப்பார்கள், பலாலியில் இருந்து விமானமும் இருக்கிறது. அதற்கு இந்திய விசாவைக் கனடாவிலேயே முடித்துவிடுங்கள்.

7. மூன்று நகரங்களிலும் சில விசயங்கள்

லண்டனில் ஓய்ஸ்டர் பயண அட்டை வாங்காமல் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு நிலக்கீழ் ரயிலில் இலவசம்.

லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலில் பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டன் சென் பங்கிராஸ் நிலையத்திலேயே நடக்கும். முகப்படம், விரல் ரேகை எல்லாம் அங்கேதான். வாயில் 30 நிமிடம் முன்பே மூடிவிடும். பிள்ளைகளும் அம்மாவும் இருந்தால் இரண்டு மணித்தியாலம் முன்னே போங்கள். பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் கொண்டு போகலாம், எடை பார்ப்பதில்லை, ஆனால் தூக்குவது நீங்கள்தான். பிள்ளைகளுக்கென்று கட்டிய இறைச்சிச் சாண்ட்விச்சும் பாலும்கூட ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. குழந்தைப் பால்மாவுக்கு விலக்கு உண்டு.

பாரிஸில் இறங்கும் கார் து நோர் நிலையத்துக்குப் பின்பக்கம்தான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல். இடியப்பமும் சம்பலும் நடந்து போய்ச் சாப்பிடலாம். மாணிக்க விநாயகர் கோவில் அங்கிருந்து கிட்ட, பஜோல் வீதியில். ஓகஸ்ட் கடைசியில் தேர் வந்தால் அந்தப் பக்கம் வீதியே நிரம்பும். மெத்ரோவுக்கு நாவிகோ ஈசி அட்டையை ஆளுக்கு ஒன்று எடுங்கள். ஒரே அட்டையில் பத்து ரிக்கெற் ஏற்றி எல்லாரும் தட்டலாம் என்று நினைப்பது பிழை. பரிசோதகர் பிடித்தால் தண்டம். 2025 இல் இருந்து விமான நிலையத்துக்குத் தனி ரிக்கெற், அதைச் சாதாரண ரிக்கெற்றில் சமாளிக்க முடியாது. சன நெரிசலில் அம்மாவின் தாலிக்கொடி சட்டைக்குள் இருக்கட்டும்.

சூரிச் ரயில் கார் து லியோனில் இருந்து போகிறது, கார் து நோரில் இருந்து அல்ல. இரண்டுக்கும் இடையே ஆர்ஈஆர் டி என்ற புறநகர் ரயில் நேராகப் போகும். டிஜிவி லிரியா என்ற அதிவேக ரயிலில் சூரிச் ஏறக்குறைய 4 மணித்தியாலம். சுவிஸுக்குள் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டையைக் கேளுங்கள். பெற்றோரிடம் சுவிஸ் பயண அட்டை இருந்தால், 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் கூடவே இலவசமாக வரலாம். பாரிஸில் வாங்கிய சிம் சுவிஸில் வேலை செய்யும் என்று இருக்க வேண்டாம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் பல திட்டங்களில் அது சேராது, ஒரு வீடியோ அழைப்புக்கே பெரிய பில் வரும்.

8. கட்டுநாயக்காவில் இருந்து ஊருக்கு

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவில் இறங்கினால் உடனே வாடகை வான் பிடித்து ஓட வேண்டாம். நீர்கொழும்பிலோ கொழும்பிலோ ஓர் இரவு படுத்துவிட்டுப் போங்கள். சாரதி முதல் நாள் முழுக்க ஓடியவராக இருந்தால் ஏறாதீர்கள். புத்தளம், அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று போகும் வழியில் மாடும் சில இடங்களில் யானையும் குறுக்கே வரும். பகலில் போவதே நல்லது. விலையைப் பேசும்போது சாரதியின் சாப்பாடு, இரவுத் தங்கல், காத்திருப்பு எல்லாம் உள்ளேயா வெளியேயா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

ரயில் என்றால் கொழும்புக் கோட்டையில் ஏற வேண்டும். ஆசனங்கள் 30 நாள் முன்பு திறக்கும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் திறந்த உடனேயே முடிந்துவிடும். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் ரயில் பாதைகள் பல சேதமாகின. ஆகவே பழைய நேர அட்டவணையை நம்பாமல், போகும் வாரத்தில் கேட்டுப் பாருங்கள்.

கனடாச் சாரதி உரிமத்தை மட்டும் காட்டி ஸ்கூட்டர் ஓடக் கூடாது. விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடும்.

9. ஊரில்

அம்மாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணிப் பத்திரம் எடுப்பது என்று அலுவல் இருந்தால் அதை முதல் வாரத்தில் வையுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது பதிவு இலக்கம், பிறந்த வருடம், பதிவுப் பிரிவு மூன்றும் கையில் இருந்தால் வேலை சுலபம். இலக்கம் தெரியாவிட்டால் தேடச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். முதலில் உங்கள் பகுதிக் கிராம அலுவலரைக் காணுங்கள். யாரைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் போயா தினத்தில் அரச அலுவலகங்கள் பூட்டு. நாட்காட்டியைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

பழைய வீட்டைப் பார்க்கப் போவதை அலுவலோடு கலக்காதீர்கள். அங்கே இப்போது யாராவது இருப்பார்கள். பலர் தாங்களும் இடம்பெயர்ந்து வந்து நிற்பவர்கள். முதல் நாள் அயலவர் மூலம் சொல்லிவிட்டு, படலையடியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நாங்கள் போனபோது அங்கிருந்த பெண், காணி கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கதவுக்குள்ளேயே நின்றார். அம்மா நேரே கிணற்றடிக்குப் போய்த் துலாக்கால் நின்ற இடத்தைக் காட்டி, "இதிலதான் என்ரை அண்ணன் விழுந்து கையை முறிச்சவன்" என்றார். அதன் பிறகுதான் அந்தப் பெண் பாய் எடுத்து வந்து விரித்தார். காணிப் பேச்சு இருந்தால் இன்னொரு நாள், நொத்தாரிசோடு, உறுதிப் பிரதியோடு பேசுங்கள். பிள்ளைகளிடமும் வீடியோ எடுக்க முன் கேட்கச் சொல்லுங்கள்.

நல்லூரில் ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது. மண்டை ஓட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் வீதியை விட்டு இறங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். படைமுகாம்களையும் படம் எடுக்க வேண்டாம். நயினாதீவுக்குப் போவதானால் குறிகாட்டுவானில் படகு ஏறும்போது மிதவை அங்கி கேட்டு வாங்குங்கள்.

10. திரும்பும்போது

கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை, முருங்கை இலை: எல்லாருக்கும் ஆசைதான். பச்சை இலை, பழம், இறைச்சி எதுவானாலும் கனடாச் சுங்கத்தில் எழுதிக் காட்டுங்கள். எழுதிக் காட்டினால் ஆகக் கூடியது எடுத்து எறிவார்கள். மறைத்துப் பிடிபட்டால் 1,300 டொலர் வரை தண்டம். பிள்ளைகளின் பைகளையும் ஒருதரம் திறந்து பாருங்கள். அம்மம்மாமார் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல் போன்ற காய்ந்த சாமான்களைக் கடை முத்திரையோடு கட்டினால் கேள்வி குறைவு, ஆனால் அதையும் எழுதுங்கள்.

கனடாவில் இருந்து போட்டுப் போன நகைக்கு, கிளம்ப முன் கையெழுத்தும் திகதியும் உள்ள மதிப்பீட்டுக் கடிதமும் படமும் எடுத்து வைத்திருந்தால், திரும்பும்போது அதை ஊரில் வாங்கியது என்று வரி கேட்க மாட்டார்கள். ஊரில் புதிதாகச் செய்வித்ததற்கு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அம்மாவின் பிஆர் அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் வான் ஏற முன் பாருங்கள், கட்டுநாயக்காவில் போய்த் தேட வேண்டாம்.